ஒப்புட்டைத் தூக்கியவர்

யார் எதைக் கையில் எடுத்தாலும், அது தப்பென்று அவருக்குப் பட்டால், கேட்காமல் வாங்கிவிடுவார். அவரைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். அவினாசி ரோட்டில் நாங்கள் வேலை பார்த்த நட்சத்திர ஓட்டலில் டாக்டர், வக்கீல், மில் முதலாளி என்று ஒருவரையும் அவர் விட்டுவைத்ததில்லை. நான் சமையலறையில் இருந்தேன். அவர் சாப்பாட்டுக் கூடத்தில் ஒயின் பரிமாறுகிற பெண். பெயரைச் சொல்லப் போவதில்லை. அவருடைய ஊரில் அவரை வைத்துப் பேச இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த வாய்களுக்கு நான் தீனி போட மாட்டேன்.

ஒரு நாள் பீளமேட்டுப் பக்கத்து டாக்டர் ஒருவர் மனைவியோடு கல்யாண நாள் கொண்டாட வந்திருந்தார். மேசையில் கேக், பக்கத்தில் ஐஸ் வாளிக்குள் ஒரு பாட்டில் புரோசெக்கோ. இத்தாலியிலிருந்து வருகிற, நுரை பொங்குகிற வெள்ளை ஒயின் அது. அதில் புரூட் என்று ஒரு வகை உண்டு, அதைத்தான் எங்கள் ஓட்டலில் வைத்திருந்தோம். இனிப்பு நாக்கில் தெரியவே தெரியாது. நம் ஆட்கள் இதை ஷாம்பெயின் என்று சொல்லி, குலுக்கி, கேக்கின் மேல் பீய்ச்சிவிட்டு, மிச்சத்தைக் கேக்கோடு சேர்த்துக் குடிப்பார்கள். சர்க்கரை நாக்கில் இருக்கும்போது இதைக் குடித்தால் வெறும் புளிப்பும் கசப்பும்தான் மிஞ்சும். பாட்டில் நல்லதாக இருந்தாலும் கெட்டுப்போனதைப் போல இருக்கும். இந்த ஒரு விஷயத்தை அவர் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

டாக்டரின் மனைவி ஒரு வாய் கேக்கை விழுங்கிவிட்டுக் கோப்பையைத் தூக்கினார். பார்த்துக்கொண்டிருந்த இவர் போய்க் கோப்பையை வாங்கிக் கீழே வைத்தார். அந்த அம்மாளின் கையிலிருந்த ஃபோர்க்கையும் வாங்கினார். கேக்கைத் தூக்கிப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு, "கேக் அப்பறமுங்க. மொதல்ல உப்பா ஏதாச்சும் கடிச்சுட்டுக் குடிங்க" என்று சொல்லி, என்னிடம் வந்து வாழைப்பூ வடை கேட்டார். அந்த அம்மாளின் முகம் சிவந்துபோனது. ஆனால் வடை போன கொஞ்ச நேரத்தில் இன்னொரு தட்டு வடை கேட்டு ஆள் வந்தது. கேக்கைப் பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். டிப்ஸ் வைக்கவில்லை.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். கோட்டைமேட்டில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான். கத்தித் தீர்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். அவருடைய கோபம் வேறு ஜாதி. குரல் ஒரு இம்மியும் ஏறாது. முகத்தில் சிரிப்பும் இருக்காது, கடுப்பும் இருக்காது. வாயில் மரியாதை மட்டும் கூடிக்கொண்டே போகும். அதைப் பார்த்தாலே எங்கள் பையன்கள் இடத்தைக் காலி செய்துவிடுவார்கள்.

ஒரு வங்கி அதிகாரி அடிக்கடி வருவார். மனைவிக்கும் புரோசெக்கோ பிடிக்கும், ஆனால் யாராவது பார்த்துவிட்டால் என்ற பயம். ஒரு முறை பக்கத்து மேசையில் சகலை குடும்பம் வந்து உட்கார்ந்துவிட்டது. அவர் இவரைக் கூப்பிட்டு, மனைவிக்கு மட்டும் காபிக் கோப்பையில் ஊற்றித் தரும்படி காதோடு கேட்டார். எங்கள் ஊரில் இது புதிதல்ல. காபிக் கோப்பையிலும் பழரச டம்ளரிலும் ஸ்டீல் லோட்டாவிலும் ஊற்றித் தந்து பழகிய ஓட்டல்கள்தான் எல்லாம். இவர் மாட்டேன் என்றார். "கண்ணாடிக் கோப்பைல குடிக்கறதுன்னா குடிங்க. இல்லீன்னா நம்ம பில்டர் காபி நல்லா இருக்குமுங்க, அதைக் கொண்டாரேன்" என்றார். அதிகாரி கெஞ்சினார். இவர் ஏற்கெனவே ஊற்றியிருந்த கோப்பையையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் பெண் கணவனைப் பார்த்த பார்வையை நான் சமையலறைக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அடுத்த வாரம் அந்த அம்மாள் மட்டும் தோழியோடு வந்து, ஜன்னலோர மேசையில், எல்லோரும் பார்க்கிற மாதிரி உட்கார்ந்து குடித்துவிட்டுப் போனார்.

இவ்வளவு சொல்கிறேனே, நான் அந்த ஒயினை ஒரு சொட்டுகூட ருசித்தவன் இல்லை. எங்கள் மார்க்கத்தில் கிடையாது, எனக்கு ஆசையும் கிடையாது. ஆனால் அதற்கு ஏற்ற சாப்பாட்டைச் சமைக்க வேண்டியவன் நான்தான். இது எப்படி நடக்கும் என்று நீங்கள் கேட்கலாம். அவர் ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் புரட்டி, தொட்டியில் துப்பிவிட்டு எனக்குச் சொல்வார். "பச்சை ஆப்பிளைக் கடிச்சாப்ல இருக்குதுங்ணா, ஆனா இனிப்பில்லாத ஆப்பிள். பின்னாடி கொஞ்சம் எலுமிச்சந்தோல். நாக்கைச் சுண்டிப்போட்டு ஒடனே போயிருது." நான் அதைக் கேட்டுக்கொண்டு உப்பையும் எண்ணெயையும் சரிசெய்வேன். அவர் சாப்பிட்டுப் பார்ப்பார், மறுபடி ஒரு வாய் உறிஞ்சுவார், துப்புவார், தலையாட்டுவார் அல்லது தட்டைத் தள்ளிவிடுவார். காதாலேயே ருசி பார்த்துச் சமைக்கிறவன் என்று எங்கள் ஆட்கள் கேலி பேசுவார்கள். பேசட்டும். அந்த நாட்களில் நான் சமைத்ததைவிட நன்றாக அதற்கு முன்னும் சமைத்ததில்லை, பின்னும் சமைக்கவில்லை.

எங்கள் ஜெனரல் மேனேஜர் ஒரு நாள் பையன்கள் முன்னால் ஒரு கோப்பையை என் மூக்குக்கு நேராக நீட்டினார். ஒரு மடக்குக் குடித்தால் ஆண்டவன் கோபித்துக்கொள்ள மாட்டார், குடிக்காமல் என்னத்தை ருசி பார்க்கிறீர்கள் பாய் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் அசடு வழியச் சிரித்தேன், என்ன செய்வது, மேலதிகாரி. இவர் எங்கிருந்தோ வந்தார். ஜெனரல் மேனேஜரின் கையிலிருந்து கோப்பையை வாங்கினார், தொட்டியில் கவிழ்த்தார், கழுவித் துடைத்துத் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த ஓட்டலில் யாரும் என்னிடம் அந்த விளையாட்டு விளையாடியதில்லை. என் கூடப் பிறந்த தங்கைகூட எனக்காக அப்படி வந்து நின்றிருக்க மாட்டாள்.

அதற்காக அவரோடு நான் சண்டை போடாமல் இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். கொங்கு விருந்து என்று ஒரு சாப்பாட்டு வரிசையை ஆரம்பிக்க வேண்டும், நம் ஊர்ச் சாப்பாட்டோடு அந்த இத்தாலி ஒயினைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய யோசனை. ஒரு மழைக்காலம் முழுக்க இதே வேலையாக இருந்தோம். மரவள்ளிக் கிழங்கு சிப்ஸ், கோலா உருண்டை, வாழைப்பூ வடை, நெய் ஊற்றிய அரிசிம்பருப்புச் சாதம் எல்லாம் முதல் தடவையே சரியாக அமைந்தன. "எண்ணெயை அது கழுவிட்டுப் போகுதுங்ணா. வறுத்தது, உப்பானது, நெய் மெதக்கறது, எது வேணா குடுங்க. மெளகாயும் சக்கரையும் மட்டும் ஆகாது" என்றார். பள்ளிபாளையம் சிக்கனில்தான் முட்டிக்கொண்டோம். அதில் மசாலாத் தூளே கிடையாது. வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, அவ்வளவுதான். மிளகாயைக் குறைக்கச் சொன்னார். காரம் ஏறிய வாயில் அந்த நுரை பட்டால் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறதாம். மிளகாய் இல்லாமல் பள்ளிபாளையம் சிக்கன் என்று எவனாவது ஈரோட்டுக்காரன் கேள்விப்பட்டால் என்னை உரித்துத் தொங்கவிடுவான் என்று கத்தினேன். கரண்டியை வீசினேன். அவர் கரண்டியை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு நின்றார். நான் டீ குடித்துவிட்டு வந்து மிளகாயைக் கிள்ளி விதையை எல்லாம் உதறிவிட்டு, தேங்காய்ச் சில்லைக் கூட்டி, கடலை எண்ணெயில் மறுபடி வறுத்தேன். அவர் சாப்பிட்டார், உறிஞ்சினார், இந்தத் தடவை துப்பவில்லை. விழுங்கிவிட்டார். அதுதான் அவருடைய பாராட்டு.

அவரிடமும் ஒரு ஓட்டை இருந்தது. ஊரார் காபிக் கோப்பையில் ஒளிந்துகொள்வதைப் பொறுக்காதவர், தன் வீட்டில் ஒளிந்துகொண்டிருந்தார். கோபிக்கு அந்தப் பக்கம் மஞ்சள் காடு வைத்திருக்கிற குடும்பம். மகள் ஓட்டலில் ரிசப்ஷனில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பெயர் எழுதுகிறாள் என்று அப்பா நம்பிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால், ரூம் எல்லாம் நிறைஞ்சுபோச்சுங்கப்பா, நல்ல கூட்டமுங்கப்பா என்று பேசுவார். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒரு நாள் கேட்டேவிட்டேன், வங்கிக்காரருக்கு ஒரு நியாயம் உனக்கு ஒரு நியாயமா அம்மணி என்று. "நான் மறைக்கலீங்ணா. அவங்க கேக்கலீங்க" என்றார். பதில் எப்படி இருக்கிறது பாருங்கள். அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை, மரியாதையாக மட்டும் நடந்துகொண்டார்.

ரெஸ்டாரன்ட் மேனேஜர் பதவி காலியாக இருந்த சமயம் அது. எங்கள் ஓட்டலில் அந்த நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்ததே இல்லை. அவருக்கு அந்த நாற்காலி வேண்டும். வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார், அதில் ஒளிவு மறைவில்லை. அது கிடைத்துவிட்டால் அப்பாவைக் கூட்டிவந்து, அந்தக் கூடத்தில் உட்காரவைத்து, இதுதான் என் வேலை என்று காட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். ரிசப்ஷன் என்கிற பொய்யைச் சாதாரணப் பதவியைக் காட்டி உடைக்க அவருக்கு மனமில்லை. ஜெனரல் மேனேஜரும் வாக்குக் கொடுத்தார். கொங்கு விருந்துக்கு முதல் பெரிய விருந்தாளி வருகிறார், அந்த மதியச் சாப்பாடு நல்லபடியாக முடியட்டும், மறுநாளே உத்தரவு கையில் என்றார்.

அந்தப் பெரிய விருந்தாளி எங்கள் ஊர்க் கணபதி ஏரியாவில் சின்னப் பட்டறையாக ஆரம்பித்து இன்று பெரிய பம்ப் கம்பெனி நடத்துகிறவர். இத்தாலிக் கம்பெனி ஒன்றோடு கூட்டுச் சேர்கிறார். காலையில் பேசி முடித்துவிட்டு, மதியம் எங்களிடம் சாப்பிட்டு, சாயங்காலம் கையெழுத்து. வந்திருந்த இத்தாலிக்காரர் அந்த ஒயின் விளைகிற வட்டாரத்தையே சேர்ந்தவர். அவரைக் குளிர்விக்கத்தான் புரோசெக்கோவே வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இனிப்பு கடைசியில்தான் வரும், அதற்கு முன்னால் மேசையில் சர்க்கரை வரக்கூடாது என்று இவர் ஜெனரல் மேனேஜரிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். அவர் பார்த்துக்கலாம் பார்த்துக்கலாம் என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பியவர்கள் எத்தனை பேர் வீணாய்ப் போயிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

பம்ப் கம்பெனி முதலாளி வந்தார், கையில் பெரிய ஸ்டீல் தூக்கு. வீட்டில் மனைவி சுட்டுக் கொடுத்த ஒப்புட்டு, மற்ற ஊர்களில் போளி என்பார்களே, அது. வெளிச் சாப்பாட்டுக்கு எங்கள் ஓட்டலில் அனுமதியில்லை, ஆனால் அவரிடம் அதைச் சொல்ல யாருக்குத் தைரியம்? நல்ல காரியம் பேசி முடித்துவிட்டு வந்திருக்கிறோம், முதலில் இனிப்புத் தொட்டால்தான் சரி என்றார். நம் பக்கம் எல்லோர் வீட்டு விருந்திலும் இலையில் முதலில் விழுவது இனிப்புதான், அதில் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இலையில் எல்லோருக்கும் தன் கையால் ஒப்புட்டு வைத்து, நெய் ஊற்றி, மிச்சத்தை ஒரு தட்டில் தன் முன்னால் வைத்துக்கொண்டார். இத்தாலிக்காரரும் விண்டு சாப்பிட்டார். ஒயின் பாட்டிலோடு நின்ற இவர் ஜெனரல் மேனேஜரைப் பார்த்தார். ஜெனரல் மேனேஜர் கண்ணாலேயே ஊற்று என்றார். இவர் ஊற்றினார்.

நான் வடைத் தட்டோடு வாசலில் நின்றிருந்தேன், அதனால் எல்லாம் என் கண் முன்னால் நடந்தது. முதலாளி ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"ஏனுங்க, புளிச்ச மோராட்ட இருக்குது. கெட்டுப்போன சரக்கை ஊத்தறீங்களா?"

ஜெனரல் மேனேஜர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். பாட்டில் சரியில்லை, உடனே மாற்றித் தருகிறோம் என்றார். பாட்டிலை மோந்துகூடப் பார்க்கவில்லை. இவர் பக்கத்தில் போய்க் குனிந்து, ஒயின் நல்லாத்தானுங்க இருக்குது, வாய்ல இனிப்பு இருக்கறதாலீங்க, தண்ணி குடிச்சுட்டு ஒரு வடை கடிச்சுட்டுக் குடிச்சுப் பாருங்க என்று அமைதியாகச் சொன்னார். நான் வடையை நீட்டினேன். முதலாளி வடையையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. இந்த வயசில் எனக்கு ருசி சொல்லித் தர ஆள் வந்தாச்சா என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். அவர்கள் சிரித்தார்கள்.

இத்தாலிக்காரருக்குத் தெரியும். அந்த மனிதன் பிறந்து வளர்ந்த ஊர் ஒயின். ஒரு வாய் குடித்துவிட்டு, கோப்பையைக் கீழே வைத்து, இலையிலிருந்த ஒப்புட்டை ஒரு பார்வை பார்த்ததை நான் பார்த்தேன். அவர் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. சாயங்காலம் கையெழுத்து இருந்தது அல்லவா. முதலாளியைப் பார்த்து, ஆமாம் ஆமாம் என்கிற மாதிரி தலையாட்டிச் சிரித்தார். அன்று அங்கே இருந்தவர்களில் எனக்கு அதிகக் கோபம் அந்த மனிதர் மேல்தான். முதலாளிக்காவது தெரியாது.

புதுப் பாட்டில் வந்தது. இவர் எல்லோர் முன்னாலும் திறந்து ஊற்றினார். முதலாளி இன்னொரு துண்டு ஒப்புட்டை விண்டு வாயில் போட்டு மென்றுகொண்டே குடித்தார். இதுவும் அதே லட்சணம் என்றார். ஜெனரல் மேனேஜர் ஒயின் கம்பெனிக்காரனிடமே பேசுகிறோம், மொத்தச் சரக்கும் கெட்டுப்போயிருக்கிறது என்றார். முதலாளி மூன்றாவது துண்டுக்குக் கையை நீட்டினார்.

அப்போதுதான் இவர் அவருடைய கைக்கு முன்னாலிருந்த ஒப்புட்டுத் தட்டைத் தூக்கினார். வேகமாகவெல்லாம் இல்லை. டாக்டர் மனைவியின் கேக்கை எடுத்த அதே நிதானம்தான். தட்டை இடுப்போடு வைத்துக்கொண்டு, "இது அப்பறமுங்க. ஒயினை யாரும் கெடுக்கலீங்க" என்றார்.

முதலாளி எழுந்து நின்றார். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் இனிப்பை எடுத்துட்டாங்க என்று அவர் கூட வந்த பெரியவர் ஒருவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. சாப்பாட்டில் கை வைக்காமல் எல்லோரும் கிளம்பிப் போனார்கள். நான் வறுத்த பள்ளிபாளையம் சிக்கன் சட்டியோடு கிடந்தது. சாயங்காலம் கையெழுத்து நல்லபடியாக நடந்தது, அதற்கு ஒரு குறையும் வரவில்லை. மறுநாள் பேப்பரில் இரண்டு பேரும் கை குலுக்குகிற படம் வந்தது.

ஜெனரல் மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, முதலாளி வீட்டுக்குப் பழத்தட்டோடு போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வா, எல்லாம் சரியாகிவிடும், நீ கேட்ட மேனேஜர் பதவியும் உன் கைக்கு வந்துவிடும் என்றார். என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அவரே சொல்லிக் கொடுத்தார். ஒயின் கெட்டுப்போனதுதான், நான் கவனிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அப்போது நானும் அங்கே இருந்தேன், சிக்கன் வீணானதற்குக் கணக்குச் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள்.

"தட்டை எடுத்ததுக்கு மன்னிப்புக் கேக்கறேனுங்க சார். கால்ல வேணும்னாலும் உளுகறேனுங்க. ஒயின் கெட்டுப்போச்சுன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேனுங்க."

அந்த ஒரு வரியைச் சொல்லித் தொலைத்தால் என்ன? வெளியே வந்ததும் அவரிடம் கத்தினேன். யாருக்கு நஷ்டம்? இத்தாலிக்கா? பாட்டிலுக்கா? வாய் வார்த்தைதானே, சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் போய் உட்கார், நாளைக்கு உன் அப்பாவை அழைத்து வா என்றேன். அவர் அந்தப் பாட்டிலில் மிச்சமிருந்ததை ஒரு கோப்பையில் ஊற்றி, என்னிடம் நீட்டாமல், தானே குடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "நான் ஊத்துனது நல்ல சரக்குங்ணா" என்றார். குரல் அப்போதும் ஏறவில்லை. எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது, கோபத்தில்.

அவரைக் கூடத்திலிருந்து எடுத்து, கல்யாண மண்டபத்துப் பக்கம் காபி கவுண்டரில் போட்டார்கள். அந்த மாதமே வேலையை விட்டுவிட்டார். ஊருக்குப் போய் அப்பாவிடம் தானே எல்லாவற்றையும் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். காட்ட ஒரு நாற்காலியும் இல்லாமல், வேலை போன பிறகு, ஒயின் ஊற்றினேன் என்று போய்ச் சொல்லியிருக்கிறார். அப்பா கேட்டுவிட்டு எழுந்து மஞ்சள் காட்டுக்குப் போய்விட்டாராம். அந்த மேனேஜர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் புரோசெக்கோவில் ஐஸ் கட்டி போட்டுக் கொடுக்கிற ஆள். வாயே திறக்க மாட்டார், அதனால் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

கொங்கு விருந்து மட்டும் நிற்கவில்லை. அது ஓடியது, நன்றாகவே ஓடியது. அவர் சேர்த்துவைத்த ஜோடிகள்தான், வடைக்குப் பிறகு என்ன, சிக்கனுக்கு எவ்வளவு மிளகாய் என்பதெல்லாம் அப்படியே. மெனு அட்டையில் என் பெயரைப் போடட்டுமா என்று கேட்டார்கள். ஒரு சொட்டும் ருசிக்காதவன் பெயரைப் போட்டால் ஊர் சிரிக்கும் என்று சொல்லி மறுத்துவிட்டேன். அவர் பெயரைப் போடுங்கள் என்றும் சொன்னேன். அது நடக்கவில்லை.

போன ஆடி மாதம் அந்தப் பம்ப் கம்பெனி முதலாளி மறுபடி வந்தார். மகன், மருமகள், சம்பந்தி வீட்டார் எல்லோரும். புரோசெக்கோ கேட்டார். சாப்பாடு பிடித்துப்போய்ச் சமைத்தவரைப் பார்க்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் போனபோது மருமகள் ஆர்டர் செய்த இனிப்பு மேசைக்கு வந்திருந்தது. முதலாளி அதைத் தள்ளி வைக்கச் சொல்லி, சம்பந்திக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "இனிப்பு கடைசிலதானுங்க. மொதல்ல தின்னுபோட்டா இது புளிக்கும். இத்தாலில அவங்க ஊட்லயே எனக்குச் சொல்லித் தந்தாங்க." சம்பந்தி வியந்துபோய்த் தலையாட்டினார்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. வேலை போனாலும் போகட்டும் என்று சொன்னேன். "இத்தாலி எல்லாம் இல்லீங்க. இந்தக் கூடத்துலதான் உங்களுக்குச் சொன்னாங்க. உங்க ஒப்புட்டுத் தட்டை எடுத்துச்சே ஒரு பொண்ணு, அதுதான் சொல்லுச்சு. அதுக்கு இங்க வேலை போச்சுங்க."

அவர் கோபப்படுவார் என்று தயாராக நின்றேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பொண்ணுங்க என்று மகனிடம் கேட்டார். மகனுக்கும் தெரியவில்லை. பிறகு என்னிடம் திரும்பி, அன்பாகவே சொன்னார்.

"அடடா. வெவரமான பொண்ணாட்ட இருக்குது. நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேலை போகாமப் பார்த்திருப்பேனுங்களே."

நடிக்கவில்லை. நடித்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். ஒருத்தியின் வாழ்க்கையைத் தட்டிக் கவிழ்த்துவிட்டு, அது நடந்ததே அவருக்குத் தெரியாது. என் கோபத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியாமல் சமையலறைக்குத் திரும்பி வந்தேன்.

மறுநாள் மதியம் அவருக்குப் போன் செய்தேன். இப்போது ஈரோட்டில் ஒரு ஜவுளி ஏற்றுமதிக் கம்பெனி அலுவலகத்தில் இருக்கிறார், ஒயினுக்கும் அவருக்கும் தொடர்பில்லை. பின்னால் தறிச் சத்தம் கேட்டது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டால் சிரிப்பார், அல்லது என்னோடு சேர்ந்து அந்த ஆளைத் திட்டுவார், மனசு ஆறும் என்று நினைத்தேன்.

"அவருக்கு ஞாபகமே இல்லீங்களா?" என்றார்.

நெசமாவே இல்லை அம்மணி, பார்த்தாலே தெரிகிறது என்றேன்.

"அந்தத் தட்டை எடுத்திருக்கலாமா வேண்டாமான்னு தெனமும் நெனச்சிட்டிருக்கறேனுங்ணா. அவரும் எங்கயோ உக்காந்து என்னையத் திட்டிட்டு இருப்பாருன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். எனக்கு அது ஒண்ணாச்சும் இருந்துச்சு. அதையும் எதுக்குங்ணா கூப்பிட்டுச் சொன்னீங்க?"

முதல் தடவையாக அவர் குரல் ஏறியது. நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு என் அழைப்பை அவர் எடுக்கவில்லை.